கார்ட்டிலிருந்து நேரே எஃப்3: வெர்ஸ்டாப்பன் தாண்டிய படிகள் எவை, தாண்டாதவை எவை?

#1 கடைசிவளைவு

பின்னாளில் எஃப்1 (ஃபார்முலா 1) உலகச் சாம்பியன் ஆன மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2013 செப்டம்பரில் பிரான்சின் வாரென் தடத்தில் கேஇசட் கார்ட் (கியர் உள்ள சிறு பந்தய வண்டி) உலகப் பட்டம் வென்றார். 2014 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை, ஜப்பானின் சுசுகாவில் டோரோ ரோஸ்ஸோ அணியின் எஃப்1 காரில் பயிற்சி ஓட்டத்தில் இறங்கினார். இடையில் ஓராண்டுக்குச் சற்று மேல்தான். 2015 மார்ச் 15 மெல்போர்னில் முதல் பந்தயம். அன்று வயது 17 ஆண்டு 166 நாள்.

"எஃப்4 கிடையாது, ஃபார்முலா ரெனோ கிடையாது, படியெல்லாம் தாண்டிக் குதித்துவிட்டார்" என்று, எஃப்1-க்குக் கீழுள்ள தொடக்கநிலைக் கார்த் தொடர்களைச் சொல்லி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மற்றவர்கள் எஃப்4-ல் கற்பதில் பெரும்பகுதியை அவர் 2012, 2013-ல் கியர் கார்ட்டிலேயே கற்று முடித்திருந்தார். கியர் கார்ட் கற்றுத்தர முடியாததை எங்கே கற்றார் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

கார்ட் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். "பிறவித் திறமை", "அப்பா எஃப்1 ஓட்டுநர்" என்ற இரண்டு பதில்களும் வேண்டாம். அவை எல்லோருக்கும் தெரியும்.

#2 இருஸ்ட்ரோக்

முதலில் கேஇசட் என்றால் என்ன என்று சொல்லிவிடலாம். பலர் மால் வாசலில் ஓடும் வாடகைக் கார்ட்டை நினைத்துக்கொண்டு படிப்பார்கள்.

125 சிசி, நீர்க் குளிர்ச்சி, இரண்டு ஸ்ட்ரோக், ஆறு கியர். ஏறக்குறைய 45 முதல் 50 குதிரைத்திறன். ஓட்டுநரோடு சேர்த்து மொத்த எடை 170–175 கிலோ. சஸ்பென்ஷன் இல்லை, டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு) இல்லை, சீட் பெல்ட் இல்லை. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். வெர்ஸ்டாப்பன் அந்த ஆண்டு ஓட்டியது சிஆர்ஜி நிறுவனத்தின் சேசிஸ் (சட்டகம்), டிஎம் நிறுவனத்தின் இன்ஜின்.

இதற்கு முன் 2010-ல் ஓட்டியது கேஎஃப்3, ஜூனியர் வகுப்பு. கியர் கிடையாது, இன்ஜின் 14,000 ஆர்பிஎம்-ல் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும், பிரேக் பின்பக்கம் மட்டும். அந்த ஆண்டு கேஎஃப்3 உலகக் கோப்பையில் இரண்டாமிடம். முதலிடம் அலெக்ஸ் ஆல்பன். இன்று இருவரும் ஒரே எஃப்1 கிரிட்டில் (புறப்பாட்டு வரிசையில்) நிற்கிறார்கள்.

கேஎஃப்3-க்கும் கேஇசட்-க்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேகம் அல்ல, வேலைப்பளு. கேஎஃப்3-ல் இரு கையும் ஸ்டியரிங்கில், இரண்டு பெடல், அவ்வளவுதான். கேஇசட்-ல் வலது கை கியர் லீவருக்குப் போய் வரும். அதாவது பாதி வளைவுகளை ஒற்றைக் கையால் திருப்ப வேண்டும். ஸ்டியரிங்கில் பவர் உதவி எதுவும் இல்லை.

ஏறும் கியருக்கு கிளட்ச் தேவையில்லை. ஆக்சிலரேட்டரை ஒரு நொடித்துண்டு தளர்த்தி லீவரை இழுத்தால் விழுந்துவிடும். இறங்கும் கியரில்தான் ஆபத்து. ஆறிலிருந்து இரண்டுக்கு வரும்போது பிரேக் வேகத்தைக் குறைப்பதற்கு முன்பே கியரை இறக்கிவிட்டால், சக்கரம் இன்ஜினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிவிடும். கனெக்டிங் ராட் போகலாம், பிஸ்டன் போகலாம். அதற்கு முன்பே பின் ஆக்சில் பூட்டிக்கொண்டு கார்ட் குறுக்கே திரும்பிவிடும், ஏனென்றால் பின் சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் இறுகியிருக்கின்றன.

ஒவ்வொரு கியருக்கும் "இப்போது இறக்கலாம்" என்ற கணத்தை உடம்பு தானாகக் கற்கும்வரை கேஇசட்-ல் யாரும் முன்னால் வர முடியாது.

#3 அச்சாணி

இருஸ்ட்ரோக் சொன்னதோடு ஸ்டார்ட்டையும் சேர்க்க வேண்டும். கேஎஃப் வகுப்பில் வண்டிகள் உருண்டுகொண்டே வந்து கொடி வாங்கும். கேஇசட்-ல் நின்ற இடத்திலிருந்து புறப்பாடு. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் கிளட்ச் லீவர். கையால் விட வேண்டும்.

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தாழ்ந்த சுற்றில் இழுவை கிடையாது. லீவரைச் சட்டென்று விட்டால் ஆர்பிஎம் விழுந்து இன்ஜின் மூச்சடைத்து நிற்கும். பின்னால் வருபவர் முதுகில் ஏறுவார். மெதுவாக விட்டால் கிளட்ச் பிளேட் சூடாகிப் பிடிப்பு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் டயர் லேசாக மட்டும் வழுக்கும் ஒரு புள்ளி இருக்கிறது. டயர் சூடு, தடத்தின் எந்தப் பக்கம் நிற்கிறோம், ரப்பர் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தப் புள்ளி ஒவ்வொரு ஓட்டத்திலும் நகரும்.

எஃப்1-லும் கிளட்ச் கையில்தான், ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்பு. எஃப்4-ல் ஒரு பருவம் முழுக்க ஒரு பையன் கற்கும் விஷயம் இது. கேஇசட்-ல் ஒரு வார இறுதியில் தகுதிச் சுற்றுப் பந்தயங்கள், ப்ரீஃபைனல், ஃபைனல் என்று பல ஸ்டார்ட் கிடைக்கும். அந்தக் கணக்கைப் பார்த்தால் வெர்ஸ்டாப்பன் எந்த எஃப்4 ஓட்டுநருக்கும் குறைவாக ஸ்டார்ட் பழகவில்லை.

#4 பச்சைக்கொடி

நான் மறுக்கிறேன். ஸ்டார்ட், கியர், பிரேக் எல்லாம் சரி. ஆனால் கார்ட்டில் டவுன்ஃபோர்ஸ் என்ற ஒன்றே இல்லையே? எஃப்1-க்கு முன் அவர் ஓட்டிய எஃப்3 காரான டல்லாரா எஃப்312-ல் காற்றழுத்தம்தான் வண்டியைத் தரையில் அமுக்குகிறது. வேகம் கூடினால் பிடிப்பு கூடும், வேகம் குறைந்தால் பிடிப்பு குறையும். கார்ட் ஓட்டிய உடம்புக்கு இது தலைகீழ்.

பிரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்3-ல் முதல் அடி மிகக் கடுமையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கணத்தில்தான் காற்றழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. வேகம் குறையக் குறையக் காலைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். தளர்த்தாவிட்டால் முன் டயர் பூட்டும், ஸ்லிக்கில் (வரிப்பள்ளம் இல்லாத உலர்தட டயரில்) ஒரு தட்டை விழும், அதற்குப் பிறகு அந்த செட் டயர் வீண். கார்ட்டில் இந்தத் தளர்த்தல் வேறு காரணத்துக்காக, வேறு அளவில் நடக்கிறது.

ஸ்டியரிங்கும் அப்படித்தான். கார்ட்டைச் சட்டென்று திருப்பினால்தான் திரும்பும். எஃப்3-ஐ அப்படித் திருப்பினால் முன் டயர் வழுக்கிக்கொண்டு நேரே போகும். ஆகவே "கேஇசட்-தான் அவருடைய எஃப்4" என்பது பாதிதான் சரி.

#5 அச்சாணி

பச்சைக்கொடி சொல்வது நியாயம். ஆனால் கார்ட்டை ஏன் சட்டென்று திருப்ப வேண்டும் என்பதைப் பார்த்தால், அங்கே கற்றது வீணாகவில்லை என்று புரியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின் ஆக்சில் ஒரே தண்டு. வளைவில் உள் சக்கரம் குறைந்த தூரமும் வெளிச் சக்கரம் அதிகத் தூரமும் போக வேண்டும். ஒரே தண்டில் இருந்தால் இரண்டும் சண்டை போடும். அதனால் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியாக வேண்டும். தூக்குவது மூன்று காரியங்கள்: முன் சக்கரத்தின் காஸ்டர் கோணம் (திருப்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு), சேசிஸ் குழாயின் முறுக்கு, ஓட்டுநரின் எடை. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் காஸ்டர் உள் முன்சக்கரத்தைக் கீழே தள்ளும். 30, 32 மி.மீ. குழாய்களால் ஆன சட்டகம் முறுகி, குறுக்கே எதிர்மூலையில் உள்ள வெளிப் பின்சக்கரத்தில் பாரம் ஏறும். உள் பின்சக்கரம் லேசாக எழும்பும்.

எவ்வளவு நேரம் எழும்பி நிற்கிறது என்பதுதான் சுற்று நேரம். சீக்கிரம் தரையிறங்கினால் வளைவு முடியும் முன்பே சக்கரங்கள் சண்டை போட்டு இன்ஜின் சுற்று இறங்கும். மெக்கானிக்குகள் "கார்ட் பிடித்துக்கொண்டது" என்பார்கள். தாமதமாக இறங்கினால் வெளியேறும்போது இழுவை இருக்காது. அளவுக்கு மேல் பிடிப்பு ஏறிய தடத்தில் கார்ட் துள்ளித் துள்ளிப் போகும்.

சரிசெய்யும் வழிகளும் இதிலிருந்தே வருகின்றன. பின் அகலத்தைக் கூட்டினால் (விதிப்படி உச்சம் 1400 மி.மீ.) பின்பிடிப்பு குறையும், துள்ளல் அடங்கும். குறைத்தால் பிடிப்பு கூடும். முன் அகலத்தைக் கூட்டினால் திரும்பும் வேகம் கூடும். சீட்டை உயர்த்தினால் எடை அதிகமாகச் சாயும், பிடிப்பு கூடும், தாழ்த்தினால் குறையும். ஓட்டுநரின் எடை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்பதால் சீட்டை 10 மி.மீ. நகர்த்தினாலே வேறு வண்டி ஆகிவிடும். முன்பின் எடைப் பங்கீடு பெரும்பாலும் 43–57 அருகில் இருக்கும்.

இத்தனையிலும் ஓட்டுநர் கற்பது ஒன்று: பிரேக் காலை எப்போது, எவ்வளவு வேகமாக விடுகிறோமோ அதற்கேற்பப் பாரம் எங்கே போகிறது என்பது. எஃப்3-ல் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டே வளைவுக்குள் போகும் அந்த வேலைக்கு வேண்டிய புலன் இதுதான். அளவு மாறும்; புலன் மாறாது. அளவை மாற்றச் சில ஆயிரம் கிலோமீட்டர் போதும், புலனை வளர்க்கப் பல வருடம் வேண்டும். வெர்ஸ்டாப்பன் நாலரை வயதில் கார்ட்டில் உட்கார்ந்தவர்.

#6 கடைசிவளைவு

அந்தச் சில ஆயிரம் கிலோமீட்டர் எங்கே கிடைத்தது என்று வரிசையாகப் போட்டுவிடுகிறேன்.

2013 அக்டோபர், வேல்ஸின் பெம்ப்ரி தடத்தில் ஃபார்முலா ரெனோ 2.0 சோதனை. அதே டிசம்பரில் எஃப்3 சோதனை. 2014 தொடக்கத்தில் ஃபெராரி அகாதெமி நடத்திய ஃப்ளோரிடா வின்டர் சீரிஸ், ஃபார்முலா அபார்த் காரில்; இரண்டு பந்தயம் வென்றார். பட்டம், புள்ளி எதுவும் இல்லாத தொடர் அது. தவறு செய்தால் நஷ்டம் இல்லாத இடத்தில் விங் வைத்த காரைப் பழகியது நல்ல திட்டம்.

பிறகு ஐரோப்பிய எஃப்3, வான் அமர்ஸ்ஃபோர்ட் அணி, ஃபோக்ஸ்வாகன் இன்ஜின். 33 பந்தயம், 10 வெற்றி. அதில் ஸ்பாவில் மூன்றும் நோரிஸ்ரிங்கில் மூன்றும் தொடர்ச்சியாக. மொத்தத்தில் மூன்றாமிடம், பட்டம் எஸ்டபான் ஓகோனுக்கு, இரண்டாமிடம் டாம் பிளோம்க்விஸ்ட். நடுவில் ஸான்ட்வோர்டில் எஃப்3 மாஸ்டர்ஸ் வெற்றி. ஆகஸ்டில் ரெட் புல் ஒப்பந்தம், அதே மாதம் அதன் இளைய அணியான டோரோ ரோஸ்ஸோவில் இடம் என்று அறிவிப்பு.

ஸ்பாவும் நோரிஸ்ரிங்கும் நேரெதிர். முன்னது நீண்ட, வேக வளைவுகளும் டவுன்ஃபோர்ஸும். பின்னது நியூரம்பெர்க் தெருவில் கான்கிரீட் சுவருக்கு நடுவே கடும் பிரேக், கூர்மையான திருப்பம், மறுபடி கடும் பிரேக். பின்னதை ஒரு கேஇசட் ஓட்டுநர் வெல்வதில் வியப்பில்லை. ஸ்பாவில் மூன்றும் வென்றதுதான் பச்சைக்கொடியின் கேள்விக்குப் பதில் என்று நினைக்கிறேன். ஜூன் மாதத்துக்குள் அளவு மாறிவிட்டது.

#7 பச்சைக்கொடி

ஸ்பா எடுத்துக்காட்டை ஏற்கிறேன். ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2015 மொனாக்கோவில் முதல் வளைவுக்குப் பிரேக் போடும்போது முன்னால் போன ஓட்டுநர் க்ரோஷானின் பின்சக்கரத்தில் மோதித் தடுப்புச் சுவருக்குள் போனார். அடுத்த பந்தயத்தின் புறப்பாட்டு வரிசையில் ஐந்து இடம் பின்தள்ளும் தண்டனை. முன்னால் போகும் காரின் காற்றுக் குழப்பத்துக்குள் நுழையும்போது சொந்த டவுன்ஃபோர்ஸ் குறையும், பிரேக் தூரம் நீளும். கார்ட்டில் ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால் நன்மை மட்டும்தான். 2018 மொனாக்கோவிலும் மூன்றாவது பயிற்சியில் சுவரில் உரசித் தகுதிச் சுற்றையே இழந்தார். இவையெல்லாம் கீழ்ப் படிகளில் செய்து முடிக்க வேண்டிய தவறுகள். அவர் எஃப்1-லேயே செய்தார். படி தாண்டியதற்கு விலை அது.

#8 ஈரத்தடம்

மழையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கார்ட்டிலிருந்து எஃப்1-க்கு அப்படியே எடுத்துச் சென்றது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

உலர்ந்த நாளில் எல்லா வண்டியும் ஒரே கோட்டில் போவதால் அந்தக் கோட்டில் ரப்பர் படிந்து, கல் மழுங்கி வழவழப்பாகும். மழை பெய்தால் அந்தப் பகுதிதான் சோப்பு. வெளியே, யாரும் போகாத இடத்தில் கல் இன்னும் சொரசொரப்பாக இருக்கும். அதனால் மழையில் கார்ட் ஓட்டுபவர்கள் வளைவின் வெளி ஓரமாகப் போய், தாமதமாக, கிட்டத்தட்ட செங்கோணத்தில் திரும்பி, வழவழப்பான கோட்டைக் குறுக்கே வெட்டி வெளியேறுவார்கள். கோட்டின் மீது நீளமாகப் போகக் கூடாது. எத்தனை குறைவாகத் தொடுகிறோமோ அத்தனை நல்லது.

2016 பிரேசில், இன்டர்லாகோஸ் தடம், மழைப் பந்தயம். அன்று வெர்ஸ்டாப்பன் மூன்றாவது வளைவில் வெளிப்பக்கமாக மெர்சிடீஸ் ஓட்டுநர் ரோஸ்பெர்க்கைக் கடந்தார். பிறகு டயர் மாற்றியதில் பத்தாவது இடத்துக்கும் பின்னால் விழுந்து, கடைசிச் சுற்றுகளில் ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாவதாக முடித்தார். வீடியோவைத் திரும்பப் பாருங்கள். மற்றவர்கள் உலர்நாள் கோட்டில் தடுமாற, இவர் மட்டும் அகலமாகப் போகிறார். சுத்தமான கார்ட் கோடு அது.

மழைக்கு கார்ட்டை அமைப்பதும் அதே அறிவுதான். பின் அகலத்தை நன்றாகக் குறை, முன் அகலத்தைக் கூட்டு, காஸ்டரைக் கூட்டு, மழை டயரில் காற்றை ஸ்லிக்கைவிட நன்றாக அதிகம் வை. ஈரத்தில் ஓட்டத்தால் டயர் சூடாகாது, அழுத்தம் தானாக ஏறாது. ஸ்லிக்கில் குளிர் அழுத்தம் 0.6 பார் அருகில் தொடங்கும் இடத்தில், ஈரத்தில் அதைவிட இரண்டு மடங்கு வரைகூடப் போவார்கள். தண்ணீர் வடிய வடியக் காற்றைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மறந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் வெந்து கிழியும்.

#9 தம்பிரேசர்

அண்ணன்மாரே, ரொம்ப நல்லா போகுது. எனக்கு ரெண்டு கேள்வி. ஒன்று, 2016 ஸ்பெயின் வெற்றி: ஹாமில்டனும் ரோஸ்பெர்க்கும் முதல் சுற்றிலேயே மோதி வெளியே போனதால கிடைச்சதுதானே? ரெண்டு, இந்த வழி இன்னைக்கு இன்னொருத்தருக்குத் திறந்திருக்கா?

#10 இருஸ்ட்ரோக்

தம்பி, முதல் கேள்விக்கு: மெர்சிடீஸ் இரண்டும் போனது உண்மை. ஆனால் வென்றது அதனால் மட்டும் இல்லை. 66 சுற்றுப் பந்தயம். 34-ஆவது சுற்றில் மீடியம் டயர் போட்டுக்கொண்டு மீதி 32 சுற்றையும் அதே செட்டில் முடித்தார், பின்னால் ஃபெராரியின் ராய்க்கோனன் ஒட்டிக்கொண்டே வர. ரெட் புல்லில் அவருக்கு அதுதான் முதல் பந்தயம். வயது 18 ஆண்டு 228 நாள். டயரை வழுக்கவிடாமல் வேகம் காப்பது கார்ட்டில் கற்ற காரியம். கார்ட் ஒரு முறை பக்கவாட்டில் வழுக்கினால் அடுத்த நேர்ப்பாதை முழுக்க இன்ஜின் சுற்று குறைவாகவே இருக்கும். தண்டனை உடனே காதில் கேட்கும்.

#11 கடைசிவளைவு

இரண்டாம் கேள்விக்கு: இல்லை, மூடிவிட்டார்கள். டோரோ ரோஸ்ஸோ அவரை எடுத்த பிறகு, கார்ப்பந்தய ஆட்சி அமைப்பான எஃப்ஐஏ 2016 முதல் சூப்பர் லைசென்ஸ் (எஃப்1 ஓட்டும் உரிமம்) விதியை மாற்றியது. குறைந்தது 18 வயது, சாலை ஓட்டுநர் உரிமம், ஒற்றை இருக்கைத் தொடர்களில் இரண்டு பருவம், மூன்று ஆண்டில் 40 புள்ளி. எஃப்1-க்கு அடுத்த கீழ்ப்படியான எஃப்2-ல் முதல் மூன்று இடத்துக்குத் தலா 40. எஃப்ஐஏ எஃப்3-ல் பட்டத்துக்கு 30, இரண்டாமிடம் 25, மூன்றாமிடம் 20. அதாவது 2014-ல் அவர் பெற்ற மூன்றாமிடத்தை இன்றைய எஃப்3-ல் வைத்துப் பார்த்தால் பாதிதான் தேறும். முதல் எஃப்1 பந்தயம் ஓட்டும்போது அவரிடம் சாலை உரிமமும் இல்லை. 2024-ல் விதிவிலக்காக 17 வயதிலும் தரலாம் என்று தளர்த்தினார்கள், புள்ளிக் கணக்கு மட்டும் அப்படியே.

இன்று வேகமான வழிக்கு எடுத்துக்காட்டு கிமி அன்டோனெல்லி. கியர் இல்லாத ஓகே வகுப்பில் 2020, 2021 ஐரோப்பிய கார்ட் பட்டம்; 2022-ல் இத்தாலிய எஃப்4, ஜெர்மன் எஃப்4 இரண்டும்; 2023-ல் ஃபார்முலா ரீஜனல்; எஃப்3-ஐத் தாண்டி 2024-ல் எஃப்2; 2025-ல் மெர்சிடீஸ். கார்ட்டை விட்டு மூன்று முழுப் பருவம் ஆனது. வெர்ஸ்டாப்பனுக்கு ஒன்று.

ஒப்பிட்டுப் பார்க்க நம் கோவை நரேன் கார்த்திகேயனின் பாதை: ஃபார்முலா மாருதி, பிரான்சில் எல்ஃப் வின்ஃபீல்ட் பள்ளி, பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு, 1996 ஃபார்முலா ஆசியா பட்டம், பிரிட்டிஷ் எஃப்3, ஜப்பானில் ஃபார்முலா நிப்பான், வேர்ல்ட் சீரிஸ், பிறகு 2005-ல் ஜோர்டான். எஃப்1 கிரிட்டில் நிற்கும்போது வயது 28. சிறுவயதில் பல நூறு கார்ட் பந்தயம் என்ற அடித்தளம் இல்லாத இடத்திலிருந்து வந்து, ஒவ்வொரு படியையும் காரிலேயே கற்றவர். அந்த உழைப்பை நான் வெர்ஸ்டாப்பனின் வேகத்துக்குக் கீழே வைக்க மாட்டேன்.

#12 தம்பிரேசர்

நன்றி அண்ணா. அப்போ 14, 15 வயசுல ஒரு பையன் எஃப்4-க்குக் காசு கட்டுறதா, இல்ல கியர் கார்ட்ல இன்னொரு வருஷம் இருக்கறதா?

#13 இருஸ்ட்ரோக்

கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. புள்ளிக் கணக்கு இன்று கார்ட்டில் நேரத்தைப் போக்க விடாது, அதனால் 15-ல் எஃப்4-க்குப் போவதுதான் நடைமுறை. ஆனால் 13, 14-ல் கியர் கார்ட் சோதனை நாட்கள் சிலவாவது கிடைத்தால் விட வேண்டாம். சில எச்சரிக்கைகள் மட்டும்.

இன்ஜின் பராமரிப்பு வேறு உலகம். கியர் இல்லாத கார்ட்டில் வரும் ரோட்டாக்ஸ் மேக்ஸ் இன்ஜினை 50 மணி நேரம் ஓட்டிப் பிறகு பிரிப்பார்கள். கேஇசட் பிஸ்டனை சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பயன்படுத்திய நேரத்தை நோட்டில் எழுதி வைக்காத பட்டறையோடு சேர வேண்டாம்.

ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) அளவைக் காலை, மதியம் என்று மாற்ற வேண்டும். காலைக் குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம். அதே ஜெட்டில் கலவையில் பெட்ரோல் போதாமல் போகும். பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது, ஆகவே பெட்ரோல் குறைந்தால் மசகும் குறையும். நீண்ட நேர்ப்பாதை முடிவில் ஆக்சிலரேட்டரை மூடும் கணத்தில் இன்ஜின் இன்னும் உச்சச் சுற்றில், எண்ணெயோ வரத்தில்லை. பிஸ்டன் அங்கேதான் இறுகும். சந்தேகம் என்றால் ஒரு ஜெட் பெரிதாகப் போடுங்கள். கால் குதிரைத்திறன் போனாலும் சிலிண்டர் மிஞ்சும்.

#14 அச்சாணி

ஒன்று சேர்க்கிறேன். விலா எலும்புக் காப்பு இல்லாமல் கியர் கார்ட்டில் உட்கார விடாதீர்கள். பெல்ட் இல்லை, சீட்டின் ஓரம்தான் பையனைப் பிடித்து நிறுத்துகிறது. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு எடையின் இரண்டு மடங்குக்கு மேல் விலாவில் விழும். சீட் ஒரு அளவு பெரிதாக இருந்தால் உள்ளே ஆடி ஆடி விலா வெடிக்கும், செட்டப்பும் புரியாது. புதிய சீட் பொருத்தும்போது பையன் ஓட்டும் உடையோடு, காப்பும் அணிந்து உட்கார்ந்தபடியே அளவெடுத்துத் துளை போடுங்கள்.